பரண்: கட்டி நிறுத்துவதா, கழற்றி எடுப்பதா?

எங்கள் பக்கத்தில் ‘காடு’ என்றால் மரங்கள் அடர்ந்த வனம் என்று பொருள் இல்லை. மழையை நம்பி ராகியும் கல்லக்காயும் (நிலக்கடலை) போடுகிற மேட்டு நிலத்துக்குத்தான் காடு என்று பேர். வனத்துக்கு ‘ஃபாரஸ்டு’. பாப்பாரப்பட்டியை விட்டுப் பிக்கிலி மலைப் பக்கம் போனால் காடும் ஃபாரஸ்டும் ஒரே வரப்பில் முட்டிக்கொண்டு நிற்கும். ராகி கதிர் பிடிக்கும் நாளில் அந்த வரப்போரத்தில் ஒரு பரண் முளைக்கும். முளைக்கும் என்றுதான் சொல்ல வேண்டும். நேற்று இல்லாதது இன்று நிற்கும். வேறு சில பரண்கள் முளைப்பதும் இல்லை, மறைவதும் இல்லை. புளியமரத்துக் கவட்டையில் ஐந்தாறு வருடமாக அப்படியே கிடக்கும். இந்த இரண்டில் எது சரி? என் தாய்மாமாவின் இடுப்பெலும்பு முறிந்த நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அவருடைய பரண் இரண்டாவது வகை. மூன்று வருடத்துக்கு முன் கட்டியது. கார்த்திகை மாதம், அறுப்புக்கு இன்னும் பத்து நாள். ஏறும்போது நான் கீழே நின்று, “மாமா, கயிறெல்லாம் பாத்தீங்களா?” என்று கேட்டேன். “என் கையால கட்டுனதுதானே கண்ணு, அதுக்கென்ன ஆயிடப் போவுது” என்றார். நடுச்சாமத்தில் பன்றி உறுமும் சத்தம் கேட்டு எழுந்து, டார்ச்சை எடுக்கத் திரும்பியபோது பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. பதினாலு அடி. கீழே உழவு மண்ணாக இருந்ததால் உயிர் தப்பியது. மறுநாள் நான் ஏறிப் பார்த்தேன். தேங்காய் நார்க் கயிறு வெளிப்பார்வைக்கு உறுதியாகவே இருந்தது. மரப்பட்டையோடு ஒட்டிக் கிடந்த உட்பக்கம், மழை ஈரம் காயாமல் மக்கி, விரலால் தேய்த்தால் உதிர்ந்தது. மூன்று வருடமாக அந்தப் பக்கத்தை யாரும் பார்க்கவில்லை. பார்க்கும் தேவையே எழாதபடி அது கட்டி முடிந்த பொருளாக இருந்தது.

இந்தக் கேள்வியை உலகத்தில் மிக நுணுக்கமாக அலசியவர்கள் அமெரிக்காவின் வில் வேட்டைக்காரர்கள். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் குற்றமாக்கிவிட்டது. துப்பாக்கியா, வில்லா, கண்ணியா என்று அது பிரித்துப் பார்ப்பதும் இல்லை. நான் அந்தச் சட்டத்தின் பக்கம் நிற்பவன். ஆனாலும் மரத்தின் மேல் இரவும் விடியலுமாக உட்கார்ந்து, கீழே வரும் விலங்குக்காகக் காத்திருப்பதில் உள்ள தொழில்நுட்பம் அவர்களுக்கும் நமக்கும் பொது. அவர்கள் கண்டறிந்ததில் எது நமக்குச் செல்லும், எது செல்லாது என்று பிரித்தால்தான் பாதித் தீர்ப்பாவது கிடைக்கும்.

வில்லுக்குத் தூரம் குறைவு. மானை இருபது முப்பது மீட்டருக்குள் வரவிட்டால்தான் அம்பு சரியாகப் பாயும். மானுக்கோ மூக்குதான் முதல் காவல். காற்று மனிதன் பக்கமிருந்து அதன் பக்கம் வீசினால் அம்பின் எல்லைக்குள் காலே வைக்காது. ஆகவே காற்று மானிடமிருந்து தன் பக்கம் வீசும்படி வில்லாளி உட்கார வேண்டும். காற்று மாறினால் அவனும் மரம் மாற வேண்டும். அங்கே நகரும் பரண்கள் பெருகியதற்கு இதுதான் பெரிய காரணம். ஏணியோடு சேர்ந்து மரத்தில் சாய்த்து வைப்பது ஒன்று. சின்ன இருக்கையை முதுகில் சுமந்து போய்ப் பட்டையால் மரத்தில் இறுக்கிக் கட்டுவது ஒன்று. மேல் பாதி கீழ் பாதி என இரண்டு துண்டாக இருந்து, கம்பளிப்பூச்சி ஊர்வதைப் போல ஆளையும் சுமந்துகொண்டு மரத்தில் ஏறுவது இன்னொன்று. இவற்றுக்கு எதிராக நிற்பது, இரண்டு மூன்று மரங்களுக்கு நடுவே கட்டை கொடுத்து ஆணி அடித்த பழைய நிலைப்பரண்.

நிலைப்பரணுக்கு எதிராக அவர்கள் சொல்வதில் மூன்று வாதங்கள் எடுபடுபவை. ஒன்று, ஒரே இடத்தில் மனிதன் உட்கார்வதை மான் சில நாளில் கற்றுக்கொள்ளும். இரண்டு, மரம் உயிருள்ளது; பருக்கும், காற்றில் ஆடும். இரண்டு மரங்கள் ஒரே திசையில் ஒரே நேரத்தில் ஆடுவதில்லை. அவற்றை இணைத்து அடித்த ஆணி ஒவ்வொரு காற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக உருவப்படும். மூன்று, ஆணி அடித்த காயத்தில் ஈரமும் பூஞ்சையும் இறங்கி, பலகையைத் தாங்கும் இடமே முதலில் கெடும். பொதுக் காடுகள் பலவற்றில் மரத்தில் ஆணி அடிப்பதையும் பரணை விட்டுவிட்டு வருவதையும் அங்கே தடை செய்திருக்கிறார்கள்.

இந்த மூன்றில் பின்னிரண்டும் நமக்கு அப்படியே பொருந்தும். முதலாவதைத்தான் நின்று யோசிக்க வேண்டும். வேட்டைக்காரன் தான் இருப்பது விலங்குக்குத் தெரியக் கூடாது என்று விரும்புகிறவன். காவல்காரன் நேர்மாறு, தான் இருப்பது தெரிய வேண்டும். பீடிப் புகை, டார்ச் ஒளி, தகர டப்பா, இருமல் எல்லாமே அவனுடைய கருவிகள். காற்று எந்தப் பக்கம் வீசினால் என்ன, மனித வாசம் ஃபாரஸ்டு வரை போனால் நல்லதுதான். அப்படியானால் நகரும் பரணுக்குச் சொல்லப்படும் தலையாய காரணமே நம் காட்டில் அடிபட்டுப் போகிறதா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பன்றி வேறு பாடம் நடத்தியது. பரண் கிழக்கு மூலையில் இருந்தால் மேற்கு மூலையில் நுழையும். மான் பரணைக் கற்றுக்கொண்டு விலகிப் போகிறது. பன்றி பரணைக் கற்றுக்கொண்டு அதன் முதுகுப் பக்கத்தைப் பயன்படுத்துகிறது. விளைவு ஒன்றுதான்: உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தால் தோற்போம்.

இது நகரும் பரணுக்கு ஆதரவான வலுவான வாதம். அதோடு நிற்காமல் நம்முடைய பழைய அனுபவத்தையும் கேட்க வேண்டும். குறிஞ்சி நிலத்தின் ஒழுக்கமே தினைப்புனக் காவலைச் சுற்றிப் பின்னப்பட்டது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் ஏறி உட்காரும் இதணம் மரத்தின் உச்சியில் கட்டப்பட்டது. புலிக்கே அச்சம் தரும் உயரம் அதற்கு. தழலும் தட்டையும் குளிரும் அவர்கள் கையில் இருந்த கிளி ஓட்டும் கருவிகள். இதணம், கழுது என்று பரணுக்கு நம் மொழியில் தனித்தனிச் சொற்கள் இருப்பதே அந்தப் பொருள் எவ்வளவு அன்றாடமாக இருந்தது என்பதற்குச் சான்று. நான் கவனிப்பது வேறொன்று. தினை விளையும் வரைதான் இதணத்துக்கு வாழ்வு. கதிர் கொய்து முடிந்ததும் காவலும் முடிந்தது. பெண்கள் வீடு திரும்பினார்கள், அதோடு களவுச் சந்திப்பும் நின்றது. குறிஞ்சித் திணையின் பிரிவுத் துயரில் ஒரு பகுதி, பரண் பருவத்துக்கு மட்டும் உரிய கட்டுமானம் என்பதிலிருந்து பிறந்தது. மலைச்சரிவில் புனம் இடம் மாறினால் இதணமும் இடம் மாறியிருக்கும். ஆக, நம் மரபின் பரண் ஆண்டுக்கணக்கில் நின்றது என்று சொல்ல இடமில்லை.

எங்கள் தருமபுரி மாவட்டம் நடுகற்களின் நிலம். ஆநிரை மீட்கப் போய் விழுந்த வீரனும், பன்றியோடும் புலியோடும் மோதி விழுந்தவனும் வில்லோடும் வாளோடும் கல்லில் நிற்கிறார்கள். தருமபுரி அகழ்வைப்பகத்தில் அந்தக் கற்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது, இவர்கள் எல்லோரும் தரையில் நின்றவர்கள் என்பதுதான். ஊரைக் காக்கத் தரையில் நின்றவனுக்குக் கல் நட்டார்கள். மரத்தில் ஏறி உட்கார்ந்து, விடியலில் இறங்கி, வீட்டுக்குப் போய்க் கூழ் குடித்தவனுக்கு யாரும் கல் நடவில்லை. அவன்தான் நம் பாட்டன்.

இருபதாம் நூற்றாண்டில் இதே மலைப்பகுதியை எழுத்தில் வைத்தவர் வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன். பெங்களூரில் வாழ்ந்தவர், 1910-இல் பிறந்து 1974-இல் மறைந்தவர். பென்னாகரம், ஒகேனக்கல், சின்னாற்றங்கரை, அஞ்செட்டி என நமக்குத் தெரிந்த பெயர்கள் அவருடைய பக்கங்களில் திரும்பத் திரும்ப வரும். முத்தூரின் பூசாரி பைராவும், பென்னாகரத்து ரங்காவும் அவருக்கு வழிகாட்டிகள். வேட்டை சட்டப்படி நடந்த காலம் அது. அவர் போன்றவர்கள் வழக்கமாகக் கையாண்ட முறைகளில் ஒன்று, நார்க்கட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து மரத்தில் கட்டுவது. இதன் அருமை கட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கட்டிலை நேராகக் கட்டினால் நாலு கால்களும் கீழே தொங்கிக் கிளைகளில் இடறும். கவிழ்த்துக் கட்டினால் கால்கள் மேலே நிற்கும். அதில் தழை கட்டினால் மறைப்பு. கயிறு சுற்றினால் கைப்பிடி. தூக்கத்தில் புரண்டால் தடுக்கிற வேலி. சட்டம் அகலமாக இருப்பதால் பாரம் ஒரே கிளையில் விழாமல் பரவும். வேலை முடிந்தால் அவிழ்த்து அதே கட்டிலில் வீட்டில் படுக்கலாம். நகரும் பரணைப் பற்றி இன்றைய தொழிற்சாலைகள் யோசித்ததில் பெரும்பகுதியை நம் திண்ணைக் கட்டில் முன்பே முடித்து வைத்திருந்தது.

எதிர்த் தரப்புக்கும் ஒரு பெரிய சாட்சி உண்டு. வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் ருத்ரபிரயாகையின் ஆட்கொல்லிச் சிறுத்தையைத் தேடி மலை மலையாக அலைந்தார், எத்தனையோ இடங்களில் காத்திருந்தார். கடைசியில் அது விழுந்தது குலாப்ராய் என்ற சிற்றூரில், யாத்திரைப் பாதையோரத்து மாமரத்தில் கட்டிய பரணில் அவர் விடாமல் உட்கார்ந்தபோது. 1926 மே மாதத் தொடக்கத்தில். பத்து இரவு வெறுமையாகக் கழிந்தது, பதினோராம் இரவு பலித்தது. விலங்கு எந்த வழியில் வரும் என்று உறுதியாகத் தெரிந்துவிட்டால் ஒரே இடத்தில் பொறுத்திருப்பதே அறிவு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. நம் ஊரில் அப்படி வழி மாறாமல் வரும் விலங்கு ஒன்று இருக்கிறது.

யானைக்கு வழித்தடம் உண்டு. குளிர்காலத்தில் கர்நாடகப் பக்கத்திலிருந்து ஓசூர் வனங்களுக்குள் இறங்கும் கூட்டங்கள் ராகி வாசத்தைப் பிடித்துக்கொண்டு வருவதை அந்த வட்டாரத்து உழவர்கள் எல்லோரும் அறிவார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் வனத்தில் 2014-இல் காவிரி வடக்குச் சரணாலயமும், 2022 நவம்பரில் 686 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்புள்ள காவிரி தெற்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. யானைக்கு அந்த இடம் தேவை. அதில் எனக்கு ஐயமே இல்லை. சரணாலயத்தின் வரைகோட்டை யானைக்குப் படித்துக் காட்ட முடியாது என்பதால் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறவன் இரவில் விழித்திருக்க வேண்டியிருக்கிறது.

யானையை வைத்துப் பார்த்தால் நகரும் பரண் படுதோல்வி. நன்கு வளர்ந்த ஆண் யானை ஒன்பது அடி உயரம் நிற்கும். தும்பிக்கையை உயர்த்தினால் பதினாறு அடிக்கும் மேல் எட்டும். நாலு இரும்புக் குழாயை நட்டு எட்டடியில் தட்டு போட்ட பரண் அதற்குப் பொம்மை. சாய்ந்தால் போதும், முடிந்தது. ஏணிப் பரணும் அப்படியே. ஏணியின் கால் தரையில் இருக்கிறது, யானையின் காலும் தரையில்தான் இருக்கிறது. மழை பெய்த மறுநாள் செம்மண்ணில் குழாய்க் கால் ஒரு பக்கம் இறங்கிவிடும். பகலில் நட்டபோது நேராக இருந்தது இரவில் ஆள் ஏறியதும் கோணலாகும். யானை வரும் காட்டில் முதிர்ந்த மரம் ஒன்றுதான் தாங்கும். அதிலும் இருபதடிக்கு மேல்.

மரத்திலும் எல்லா மரமும் சேராது. புளி நல்லது, வைரம் பாய்ந்தது, வளையும், சொல்லாமல் முறியாது. வேம்பு அவ்வளவு நம்பத்தக்கதில்லை. முருங்கையில் ஏறினவன் கதை ஊருக்கு ஊர் உண்டு. மாமரம் பார்க்க வாகாக இருக்கும். கவட்டை அகலம், நிழலும் உண்டு. ஆனால் காய்க்கும் பருவத்தில் மாமரத்துப் பரண் என்பது யானையின் சாப்பாட்டுத் தட்டில் போய் உட்கார்வது. பலாவும் அப்படியே. புளியும் பழுக்கும் மாதங்களில் விலக்கு இல்லை. எங்கள் ராகிக் காவல் பெரும்பாலும் கார்த்திகை, மார்கழியோடு முடிந்துவிடுவதால் தப்பித்தோம். வயலில் நடுவாக இருப்பதைவிட ஃபாரஸ்டு வரப்பிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, வீட்டுப் பக்கம் இறங்கி ஓட வழி உள்ள மரமே மேல். இப்படி வடிகட்டினால் ஒரு காட்டுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு மரம் தேறும். அந்த மரத்தை மாற்ற முடியாது. ஆக இடம் நிலையானதாகிவிடுகிறது.

இந்த இடத்தில்தான் வாதம் செய்பவர்கள் பெரும்பாலும் தவறுகிறார்கள் என்று நினைக்கிறேன். நிலையான இடம், நிலையான கட்டுமானம் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள். இடம் நிலைப்பதற்கு நியாயம் இருக்கிறது: மரம் வலுவானது, பாதை தெரிந்தது, இருட்டில் இறங்கும் வழி காலுக்குப் பழகியது. கட்டுமானம் நிலைப்பதற்கு ஒரே ஒரு நியாயம்தான் உண்டு. அது சோம்பல் என்று சொன்னால் கோபம் வரும், உழைப்பு மிச்சம் என்று சொல்லலாம். ஒரு கட்டிலை ஏற்றிக் கட்ட இரண்டு ஆளுக்கு அரைநாள். வருடத்துக்கு ஒரு அரைநாள். அதைச் சேமிக்கப் போய்த்தான் பலகை மழையில் நனைந்து, வெயிலில் பிளந்து, கறையான் ஏறி, கயிறு உள்ளே மக்கி, குளவி கூடு கட்டி, எலி குடியேறி, எலியைத் தேடிப் பாம்பும் ஏறுகிறது. நைலான் கயிறு மக்காது என்பார்கள். மக்காது; ஆனால் வெயிலில் கிடந்து வலுவிழந்து பொரபொரப்பாகும், வழுக்கும் முடிச்சு தானாக இளகும், மரம் பருக்கும்போது பட்டைக்குள் புதைந்து மரத்தையே கழுத்தை நெரிக்கும். கம்பியும் அதே கெடுதலைச் செய்யும், இன்னும் வேகமாக.

இரும்பில் அடித்து நிரந்தரமாக்கிவிட்டால்? தகரக் கூரையோடு இரும்புப் பரண் போட்டவர்கள் இருக்கிறார்கள். ஆறேழு வருடம் அசையாது. பணம் இருக்கிறவருக்கு இது எளிய விடையாகத் தெரியும். எனக்கு அதில் இரண்டு தயக்கம். வெல்டிங் பற்றில் துரு உள்ளிருந்து தொடங்கும். வண்ணம் அதை மூடிவிடும். நார்க் கயிற்றில் நடந்ததே இங்கேயும் நடக்கிறது, மெதுவாக, கூடுதல் உயரத்தில். இரண்டாவது, இடி மின்னல் காலத்தில் வெட்டவெளியில் இரும்புத் தட்டில் உட்காரச் சொல்லி யாரையும் நான் அனுப்ப மாட்டேன். தனி மரமும் மின்னலுக்குப் பத்திரமில்லைதான். இடி கேட்டால் எந்தப் பரணிலிருந்தும் இறங்கிவிட வேண்டும். 

நிலைக் கட்டுமானத்துக்கு ஒரே ஒரு இடத்தில் முழு மனதோடு ஆதரவு தருவேன். பத்துப் பதினைந்து காடுகளுக்குப் பொதுவாக, மலையடிவாரத்தில், வனத்துறையோ ஊரோ எழுப்பும் காவல் கோபுரம். அதில் ஏறுகிறவன் தன் காட்டை மட்டும் பார்ப்பதில்லை; கூட்டம் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று ஊருக்குச் சொல்கிறான். அதற்குக் கட்டுநர் வேண்டும், அடித்தளம் வேண்டும், ஆண்டுதோறும் பரிசோதிக்கும் பொறுப்பாளர் வேண்டும். இவை மூன்றும் இல்லாத தனியார் கோபுரத்துக்கு என் ஆதரவு இல்லை.

பன்றிக்கு மீண்டும் வருவோம். அதற்கு உயரம் ஒரு பொருட்டே இல்லை, எட்டடி போதும். அங்கே நகரும் பரணே வெல்கிறது. குச்சிக்கிழங்கும் கல்லக்காயும் போட்ட காட்டில் பன்றி மண்ணைக் கிளறி ஒரே இரவில் நாலைந்து பாத்தியை முடித்துவிடும். எந்த மூலையில் கிளறியது என்று காலையில் பார்த்து, மாலைக்குள் பரணை அந்த மூலைக்கு மாற்ற முடிந்தால் பலன் கண்கூடாகத் தெரியும். 2025 ஜனவரியில் தமிழக அரசு பன்றித் தொல்லைக்கு வகுத்த முறையில், வனத்திலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடுவதற்கு இடமில்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்து வனத்தில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடலாம், அதுவும் வனத்துறையினர் மட்டும். எங்கள் வரப்பு ஃபாரஸ்டிலிருந்து நூறடி கூட இல்லை. சரியான ஏற்பாடு என்றே ஏற்கிறேன். வனத்தை ஒட்டிய இடத்தில் குண்டு பாய்ந்தால் அது பன்றியோடு நிற்காது. ஆனால் அந்த முதல் கிலோமீட்டரில் இருப்பவனுக்கு மிஞ்சுவது விழித்திருக்கிற மனிதன் ஒருவன்தான். அவன் உட்காரும் இடத்தைப் பற்றி ஆணைகள் பேசுவதில்லை.

மனிதன் விழித்திருக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி பக்கம் காளிகவுண்டன் கொட்டாயில் பார்த்தோம். பயிருக்குச் சட்டத்துக்குப் புறம்பாகப் போட்ட மின்கம்பியில் மூன்று யானைகள் ஒரே இரவில் செத்துக் கிடந்தன. இரண்டு குட்டிகள் தப்பித்து அந்த உடல்களைச் சுற்றி நின்றன. அந்தப் படத்தைப் பார்த்து அழாதவர் எங்கள் பக்கம் குறைவு. யானையைத் திட்டிக்கொண்டே அழுதவர்களையும் எனக்குத் தெரியும். கம்பியும், இரையில் மறைத்து வைக்கும் வெடியான அவுட்டுக்காயும் ஆள் இல்லாத காவல். வருவது எது என்று அவற்றுக்குத் தெரியாது. பன்றிக்கு வைத்தது யானையைக் கொல்லும், மாட்டைக் கொல்லும், விடியலில் வெளிக்குப் போன மனிதனையும் கொல்லும். பரணில் இருக்கிறவனுக்கு வித்தியாசம் தெரியும். பன்றி என்றால் டப்பாவைத் தட்டுவான். யானை என்றால் வாயை மூடிக்கொண்டு போனை எடுப்பான். எனவே எந்தப் பரணில் ஒருவன் அச்சமின்றி ஏறுவானோ அந்தப் பரணே பயிருக்கும் யானைக்கும் நல்லது. பாதுகாப்பில்லாத பரண் கடைசியில் கம்பிக்குத்தான் ஆள் சேர்க்கும். மாமா விழுந்த பிறகு எங்கள் உறவிலேயே ஒருவர், “இனி எவன் ஏறுவான், கம்பியப் போட்டுட்டுப் படுத்துக்கலாம்” என்று சொன்னார். அவரை வழிமறிக்க இரண்டு வாரம் ஆனது.

பரணின் முகத்தையும் பார்க்க வேண்டும். காவல் பரண் பயிரைப் பார்த்திருக்கும். வனத்துக்குள்ளே, தண்ணீர்க் குட்டையைப் பார்த்தபடி ஒரு பரண் மரத்தில் நிரந்தரமாக இருந்தால் அது எதற்கு என்று கேட்கவே தேவையில்லை. வனத்துறையினர் அதைப் பிரித்தெறிவது சரி. வரப்போரத்தில் வருடம் முழுக்கக் கிடக்கும் ஆளில்லாப் பரணையும் அந்தக் கண்ணோடு அவர்கள் பார்த்தால் குறை சொல்ல முடியாது. விளைச்சல் இல்லாத மாதத்தில் அங்கே யார் ஏறுகிறார்கள் என்பது நிலத்துக்காரனுக்கே தெரியாமல் போகலாம். அறுப்போடு அவிழ்த்துவிட்டால் அந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லை.

ஆகவே என் முடிவு இது. யானை வரும் காட்டில் மரம் மாறக் கூடாது, பரண் மாற வேண்டும். ஒரே முதிர்ந்த மரம். அதில் ஒவ்வொரு பருவத்துக்கும் புதுக் கயிற்றில் புதிதாகக் கட்டிய கட்டில். ஒரு ஆணி கூட இல்லாமல். அறுத்த அன்றே அவிழ்த்துவிட வேண்டும். பன்றி மட்டும் வரும் உட்புறக் காட்டில் நாலு கால் நகரும் பரண் போதும். அங்கே மரத்தைத் தேடி அலைய வேண்டாம். காட்டில் முதிர்ந்த மரமே இல்லாமல் யானையும் வருகிறது என்றால், பரண் வேண்டாம் என்பதே என் தீர்ப்பு. அந்த இரவில் வீட்டு மாடியிலிருந்து சத்தம் போடுவதும் வனத்துறைக்குச் சொல்வதும்தான் வழி. ராகியை விட்டுக்கொடுக்கச் சொல்வது கொடுமை என்று தெரிந்தே சொல்கிறேன்.

கட்டுமானத்தைவிட முக்கியமான ஒன்றை வில் வேட்டைக்காரர்களிடமிருந்து நாம் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை. மரத்தில் ஏறும் நொடியிலிருந்து இறங்கும் நொடி வரை உடம்பை மரத்தோடு பிணைக்கும் பட்டை. இடுப்பில் மட்டும் கட்டுவதை அவர்கள் கைவிட்டுவிட்டார்கள். விழுந்து தொங்கும்போது அது மூச்சை அடைக்கும், ஆளைத் தலைகீழாக்கும். தோள், மார்பு, தொடை மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டையே இப்போது அவர்கள் அணிவது. தொங்குகிற நிலையிலும் நெடுநேரம் இருக்கக் கூடாது, காலில் இரத்தம் தேங்கும். அதனால் துணைக்கு ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். கட்டட வேலைக்கு விற்கிற முழு உடல் பட்டை தருமபுரிக் கடைகளிலும் கிடைக்கிறது. ஒரு மூட்டை உரத்தோடு ஒப்பிடக் கூடிய செலவுதான். நூறு நடுகல் உள்ள மாவட்டத்தில் இன்னொரு கல்லுக்கு வேலை வைக்காத பொருள் அது.

மாமா இப்போது ஏறுவதில்லை. போன கார்த்திகையில் அவர் மகன் அதே புளியமரத்தில் இருபத்திரண்டு அடியில் கட்டிலைக் கவிழ்த்துக் கட்டினான். மாமா கீழே முக்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு முடிச்சையும் சத்தமாகக் கேட்டு வாங்கினார். “உள்பக்கம் பாத்தியாடா?” “பாத்துட்டேன்பா.” “மறுபடியும் பாரு.” இருபத்தேழு நாள் காவல். ஒரு முறை யானை வந்தது, தூரத்திலேயே திரும்பிவிட்டது. பன்றி மூன்று முறை வந்து மேற்கு மூலையில் கொஞ்சம் தின்றுவிட்டுப் போனது. அறுப்பு முடிந்த சாயந்திரம் கட்டில் இறங்கியது. கயிற்றை அறுத்துத் துண்டாக்கி அத்தை அடுப்பில் போட்டாள். கட்டிலைத் தட்டி, உதறி, திண்ணையில் போட்டார்கள். அன்று இரவு மாமா அதில்தான் படுத்துத் தூங்கினார்.